கள்வன் வேடம் கட்டுகிறவர்கள்



இன்று நான் பேச வந்திருப்பது கள்வர்களைப் பற்றி. கணினித் திரைக்குள் மட்டும் நடமாடும் கள்வர்களைப் பற்றி. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இணையத்தில் கூடி, ஆளுக்கொரு வேடம் கட்டி ஆடும் விளையாட்டுகள் இருக்கின்றன. ‘ரோல்-பிளேயிங் கேம்’ என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகள் சொல்வது இவற்றைத்தான். அங்கே நீங்கள் இரும்புக் கவசம் பூண்ட வீரர் ஆகலாம். தீயை ஏவும் மந்திரவாதி ஆகலாம். அடிபட்டவர்களைக் குணமாக்கும் மதகுரு ஆகலாம். இத்தனை மதிப்பான வேடங்கள் காத்துக்கிடக்க, ஒரு கூட்டம் மட்டும் எப்போதும் நேராகப் போய் அந்தக் கள்வன் வேடத்தை எடுத்துக்கொள்கிறது. ஆடுகிறவர்கள் அவனை ‘ரோக்’ என்பார்கள். பதுங்கி நடப்பவன். பூட்டைத் திறப்பவன். முதுகுப் பக்கமாக வருபவன்.

நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். எந்த விளையாட்டைத் திறந்தாலும் என் கை முதலில் அந்த வேடத்தைத்தான் தேடும். ஏன்? திருட்டு ஆசையா? நேருக்கு நேர் நிற்கப் பயமா? அடுத்தவரை ஏமாற்றுவதில் சுகமா? பெற்றோர்கள் இதைக் கேட்டிருக்கிறார்கள், ஆசிரியர்கள் கேட்டிருக்கிறார்கள். கேட்கவேண்டிய கேள்விகள்தான். என் பதிலை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பலம் குறைந்தவனுக்கு, சண்டை எப்போது தொடங்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமையை இந்த வேடம் கொடுக்கிறது. அந்த உரிமைக்காகத்தான் நாங்கள் இந்த வேடத்துக்கு வருகிறோம். தொடங்கவே வேண்டாம், ஓசைப்படாமல் போய்விடலாம் என்று முடிவு செய்யும் உரிமையும் அதற்குள் அடக்கம்.

இந்தக் கள்வன் எங்கிருந்து வந்தான்? கதை காகிதத்தில் தொடங்குகிறது. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் ‘டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். நண்பர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஒருவர் கதை சொல்ல மற்றவர்கள் அந்தக் கதைக்குள் பாத்திரங்களாக நடமாடும் விளையாட்டு. அதில் முதலில் மூன்றே வேடங்கள்: போர்வீரன், மந்திரவாதி, மதகுரு. கள்வன் இல்லை. பிறகு எப்படி வந்தான்? கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா நகரில் ஒரு கடையில் கூடி ஆடிக்கொண்டிருந்தவர்கள், இந்த மூன்றும் போதாது என்று தாங்களாகவே ஒரு கள்வனை உருவாக்கிக்கொண்டார்கள். அந்த எண்ணம் கைகாக்ஸின் காதுக்கு எட்டியது. அவர் அதற்கு விதிகள் வகுத்தார். 1975-இல் ‘கிரேஹாக்’ என்ற துணைநூலில் கள்வன் முறைப்படி அச்சேறினான். கவனியுங்கள்: விளையாட்டை ஆக்கியவர்கள் தந்த வேடம் இல்லை இது. ஆடியவர்கள் கேட்டு வாங்கிய வேடம்.

கேட்டு வாங்கினார்களே, அப்படி என்ன கிடைத்தது? போர்வீரனின் உயிர்ப்புள்ளிகளுக்கு எட்டு முகப் பகடை. கள்வனுக்கு நான்கு முகப் பகடை. ஆரம்பத்தில் ஒரு நல்ல வாள்வீச்சு பட்டால் அவன் கதை முடிந்தது. நிழலில் மறையும் திறமையாவது உண்டா என்று பார்த்தால், முதல் நிலையில் அதற்கு நூற்றுக்குப் பத்து வாய்ப்பு. பத்து முறை ஒளிந்தால் ஒன்பது முறை மாட்டிக்கொள்வான்! அப்படியிருந்தும் ஆடினார்கள். அந்தப் பத்தாவது முறைக்காக ஆடினார்கள். மறைந்து, பின்பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டால் அவன் குத்து இரட்டிப்பாகப் பாயும். இருண்ட நடையில் கூட்டத்துக்கு முன்னால் போய்ப் பொறி எங்கே இருக்கிறது என்று தரையைத் தடவிப் பார்க்கிறவனும் அவன்தான். உடம்பில் மிக மெலிந்தவன் எல்லோருக்கும் முன்னால் நடக்கிறான்.

இந்த ஆசைக்கு முன்கதை உண்டு. 1937-இல் வந்த டோல்கியனின் ‘தி ஹாபிட்’ நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். பதின்மூன்று குள்ளர்கள் ஒரு டிராகனிடமிருந்து தங்கள் செல்வத்தை மீட்கக் கிளம்புகிறார்கள். துணைக்கு யாரைச் சேர்த்துக்கொள்கிறார்கள்? பெரிய வீரனையா? வீட்டைவிட்டு வெளியே போகாத, மூன்றடி உயரத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய இருக்கிற பில்போவை. என்ன வேலைக்கு? கன்னக்கோல் வேலைக்கு! அந்தச் சின்ன உருவம் டிராகனின் குகைக்குள் இறங்கி முதல் தடவை ஒரு கோப்பையை எடுத்து வருகிறது. அடுத்த தடவை கொண்டுவருவது ஒரு செய்தி. டிராகனின் மார்பில் செதில் மூடாத இடம் ஒன்று இருக்கிறது என்ற செய்தி. டிராகன் வீழ்ந்தது வேறொருவர் அம்பினால்தான். ஆனால் அந்த அம்பு எங்கே பாய வேண்டும் என்பதைக் கண்டு வந்தவை பதுங்கிச் சென்றவனின் கண்கள்.

இது மேல்நாட்டுக் கற்பனை, நமக்கு இதில் என்ன என்று யாராவது நினைத்தால், அவர்கள் மதுரைக்காஞ்சியைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும். பாண்டியன் நெடுஞ்செழியனின் மதுரையை மாங்குடி மருதனார் பகலும் இரவுமாகப் படம்பிடிக்கிறார். நள்ளிரவுக்கு வரும்போது கள்வர்களைக் காட்டுகிறார். சும்மா ‘கள்வர் உலவினர்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடவில்லை அந்தப் புலவர். அவர்கள் உடுப்பையும் கருவிகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். இருளோடு இருளாகக் கலந்த உருவம். காலில் தோல் செருப்பு. கல்லையும் மரத்தையும் துணிக்கும் வாள். தொடையில் செருகிய குறுங்கத்தி. இடையில் கருநீலக் கச்சை. உடலைச் சுற்றி நூலேணி. நிலத்தை அகழ உளி. அப்புறம் அவர்களுக்கு எதிராக நிற்கும் ஊர்க்காவலர்களையும் காட்டுகிறார்: தூங்காத கண்கள், அஞ்சாத நெஞ்சு, தங்கள் தொழிலை நூல்வழி கற்றுத் தேர்ந்தவர்கள். இரண்டு பக்கமும் கலைதான்! இரண்டு பக்கமும் பயிற்சிதான்!

இன்றைய விளையாட்டில் ஒரு ரோக் கேரக்டரைத் திறந்து பாருங்கள். உடம்பில் தோலாலான கவசம், கையில் குறுங்கத்தி, பையில் பூட்டுத் திறக்கும் கருவி. அதை வரைந்தவர்கள் மாங்குடி மருதனாரைப் படித்திருக்க வாய்ப்பில்லை. இருட்டில் வேலை செய்பவனுக்கு என்னவெல்லாம் வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்தால், எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் ஏறக்குறைய இதே பட்டியல்தான் வரும். புலவர் அந்த உருவத்தை அத்தனை உன்னிப்பாகப் பார்த்தாரே, அந்த உன்னிப்புக்குள்ளேயே நான் சொல்லும் கவர்ச்சி இருக்கிறது.

சரி, திரைக்குள் போவோம். 2004 நவம்பரில் பிளிசார்ட் நிறுவனம் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டை வெளியிட்டது. அதன் முதல் பதிப்பில் கள்வனை எப்படிக் கட்டினார்கள் என்று பார்த்தால், நான் சொல்லும் உரிமை வெறும் உணர்ச்சி இல்லை, கணக்கிலேயே எழுதப்பட்ட ஒன்று என்பது விளங்கும்.

அந்த விளையாட்டில் ஒவ்வொரு வேடத்துக்கும் ஒரு சக்தி உண்டு. போர்வீரனின் சக்திக்கு ‘ரேஜ்’ என்று பெயர், சினம். சண்டை தொடங்கும்போது அது சுழி. அடி கொடுக்கக் கொடுக்க, அடி வாங்க வாங்க ஏறும். மந்திரவாதியின் சக்தி ‘மனா’. தொடங்கும்போது குடம் நிறைய இருக்கும், மந்திரம் ஏவ ஏவக் குறையும். கள்வனுக்கு ‘எனர்ஜி’. தொடங்கும்போதே நூறு. இரண்டு விநாடிக்கு ஒருமுறை இருபது திரும்பி வரும். இதன் பொருள் என்ன? வீரனுக்குச் சண்டை நீள நீள நல்லது. மந்திரவாதிக்குத் தூரம் இருந்தால் நல்லது. கள்வனுக்கோ முதல் ஐந்து விநாடிதான் உலகம். அந்த ஐந்து விநாடி எப்போது தொடங்கும் என்பதை அவன்தான் தீர்மானிப்பான்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். உங்கள் கள்வன் ‘ஸ்டெல்த்’ பொத்தானை அழுத்திப் பதுங்குகிறான். உடல் கண்ணாடிபோல் மங்குகிறது. நடை பாதியாகக் குறைகிறது. ஆரம்ப நிலையில் உண்மையாகவே பாதி வேகம்தான். எதிரே மலைப்பாதையில் எதிரணி ஆட்டக்காரர் ஒருவர். நினைவிருக்கட்டும், அவரை இயக்குவது கணினி இல்லை. எங்கேயோ ஓர் ஊரில், உங்களைப்போலவே விசைப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர். அவர் குனிந்து மூலிகை பறித்துக்கொண்டிருக்கிறார். முன்னால் போனால் கண்டுபிடிக்கும் வாய்ப்பு கூடுதல், முதுகுப்பக்கம் போனால் குறைவு. அவர் லெவல் உங்களைவிட உயர்வென்றால் எந்தப் பக்கமும் ஆபத்துதான். நீங்கள் வட்டமடிக்கிறீர்கள். அவர் திரும்புகிறார். நிற்கிறீர்கள். அவர் நடக்கிறார். பின்தொடர்கிறீர்கள். இப்போதா? வேண்டாம், அவர் உடல்நலம் முழுதாக இருக்கிறது. அதோ, ஓநாய் ஒன்று அவர்மேல் பாய்கிறது. இப்போதா? வேண்டாம், ஓநாயோடு மோதி முடிக்கட்டும். முடித்துவிட்டார், களைத்துவிட்டார், உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறார். இப்போது!

‘சீப் ஷாட்’. நான்கு விநாடி அவர் அசைய முடியாது. உங்கள் நூறில் அறுபது போய்விட்டது. கையில் இருப்பது நாற்பது. அடுத்த வெட்டுக்கு நாற்பத்தைந்து வேண்டும். ஐந்து குறைகிறது! அந்த இருபது வந்து சேரும் நொடிக்காக விரல் பொத்தான்மேல் காத்திருக்கிறது. வந்தது. வெட்டு. ஒவ்வொரு வெட்டுக்கும் ‘காம்போ பாயிண்ட்’ என்று புள்ளி சேர்கிறது. ஐந்து சேர்ந்தால் உச்சம். சேர்த்ததை மொத்தமாக ஒரே அடியில் செலவழிக்கலாம். எப்போது செலவழிப்பது? நான்கில் போதுமா, ஐந்துக்குக் காத்திருப்பதா? கணக்கு தப்பிவிட்டால்? தோல் கவசம் எவ்வளவு தாங்கும்? தப்பிவிட்டது என்று தெரிந்த நொடியில் ‘வானிஷ்’. ஒரு சிட்டிகைப் பொடி புகைந்து, நடுச்சண்டையில் ஆள் மாயம். அதையும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் செய்யலாம்.

கபடி ஆடியவர்களுக்கு இது உடனே புரியும். பாடிப் போகிறவன் எதிரணிக்குள் தனியாக நுழைகிறான். எதிரே ஏழு பேர். பலத்தில் அவர்களை வெல்ல அவனால் ஆகாது. ஆனால் தொடுவது எப்போது, திரும்புவது எப்போது என்பது அவன் கையில். மூச்சு இருக்கும்வரைதான் அந்த உரிமை. கள்வனின் ஆட்டமும் அப்படித்தான்.

இங்கே ஒரு நண்பர் கேட்பார்: முதுகில் குத்துவது வீரமா? நியாயமான கேள்வி. நான் திருப்பிக் கேட்கிறேன். அந்த உலகத்தில் பலம் என்பது என்ன? லெவல், கவச எண், எத்தனை மாதம் ஆடினீர்கள் என்ற கணக்கு. அதிக நேரம் கிடைத்தவர் அதிகப் பலசாலி. அப்படிப்பட்டவரிடம் நேருக்கு நேர் போய் நிற்பது வீரம் என்றால், அது தோற்பதற்கு மட்டும் பயன்படும் வீரம். கள்வன் அந்த இடைவெளியைப் பொறுமையால் நிரப்புகிறான். காவலன் எந்தப் பாதையில் நடக்கிறான், எங்கே திரும்புகிறான், எத்தனை நேரம் நிற்கிறான் என்று பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்கிறான். மற்றவர்கள் வெட்டிக்கொண்டு கடந்துபோகும் ஓர் அறையை அவன் மட்டும்தான் உண்மையில் பார்த்திருக்கிறான் என்பேன்.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டில் ‘பிளாக்ராக் டெப்த்ஸ்’ என்ற பாதாளக் கோட்டை இருக்கிறது. ஐந்து பேர் சேர்ந்து போகவேண்டிய இடம். உச்ச லெவலை எட்டிய கள்வர்கள் அங்கே தனியாகப் போவார்கள். ஒருவரையும் கொல்லாமல், ஒருவர் கண்ணிலும் படாமல், காவலுக்கு நிற்கும் குள்ளர்களின் சட்டைப்பையிலிருந்து காசை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். கோட்டை முழுக்க அவர்களைச் சுற்றி உயிரோடு இயங்கிக்கொண்டிருக்கும். உலோகம் தட்டும் சத்தம், காவலர் மாறும் நடை, எதுவும் குலையாது. ஒரு முறையாவது அப்படி நடந்து பாருங்கள். போர்வீரன் போன வழியில் பிணங்கள்தான் கிடக்கும். கள்வன் போன வழியில் அந்த இடம் அப்படியே இருக்கும்.

இதுவரை தனி ஆளைப் பற்றியே சொன்னேன். கூட்டத்தில் அவன் யார்? அங்கேதான் இந்த வேடம் நம் எதிர்பார்ப்பைப் புரட்டிப் போடுகிறது.

மூட்டை மூட்டையாய்ப் பொருள் சேரும் இந்த உலகத்தில் பூட்டிய பெட்டிகள் கிடைக்கும். வீரனால் திறக்க முடியாது, மந்திரவாதியால் முடியாது. அவர்கள் ஊர்ச்சந்தைக்கு வந்து ‘கள்வர் யாரும் இருக்கிறீர்களா?’ என்று கூவுவார்கள்! பொருளைக் கைமாற்றும் ஜன்னலில், கைமாறாமல் திறக்க மட்டும் ஒரு தனிக் கட்டம் உண்டு. பெட்டியை அதில் வைத்தால் கள்வன் திறந்து கொடுப்பான். உள்ளே இருப்பது சொந்தக்காரருக்கே. கள்வனுக்கு அவர் விருப்பப்பட்டால் நாலு காசு. அதற்கும் மேல், அந்த முதல் பதிப்பில் பூட்டுத் திறக்கும் திறமை சும்மா வந்துவிடவில்லை. எங்கெங்கோ கிடக்கும் பெட்டிகளையும் கதவுகளையும் தேடிப்போய்த் திறந்து திறந்து, புள்ளி புள்ளியாக ஏற்ற வேண்டியிருந்தது. பூட்டு ஒன்றைத் திறந்துகொடுத்து, முன்பின் தெரியாத ஒருவரிடம் ‘நன்றி’ வாங்குவதற்காக மணிக்கணக்கில் பயிற்சி எடுத்த கள்வர்கள் இவர்கள்.

குழுச்சண்டையிலும் அப்படித்தான். ஐந்து எதிரிகள் கூட்டமாக நிற்கிறார்கள். தலைவர் ஒருவனுக்கு மேலே குறியிடுகிறார். கள்வன் தனியாகப் பதுங்கிப் போய் அவனை மட்டும் மயக்கிப் போட வேண்டும். ‘சாப்’ என்பார்கள். முதல் பதிப்பில், மயக்கிய அந்த நொடியிலேயே கள்வனின் மறைவு கலைந்துவிடும். அதைத் தடுக்கத் தனித் திறமை எடுத்திருந்தாலும் பலிக்கும் என்று நிச்சயம் கிடையாது. மிச்சம் நான்கு பேரும் அவன்மேல் பாய, அவன் தன் ஆட்களை நோக்கி ஓடி வருவான். முதல் அடியும் அவனுக்கே. ஆனாலும் அடுத்த கூட்டம் வந்தால் மறுபடி அவன்தான் போவான்.

இனி நான் சொல்லப்போவது எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். 1999 மார்ச்சில் வந்த ‘எவர்க்வெஸ்ட்’. இன்று அதை ஆடுகிறவர்கள் குறைவு. ஆனால் கள்வன் வேடத்தின் உச்சத்தை அங்கேதான் பார்க்கலாம்.

எவர்க்வெஸ்ட்டின் ஆரம்ப ஆண்டுகளில் மரணம் கொடியது. இறந்தால், நீங்கள் வேறோர் இடத்தில் வெறுங்கையோடு எழுவீர்கள். உங்கள் வாள், கவசம், பை, மாதக்கணக்கில் சேர்த்த எல்லாமும் இறந்த இடத்திலேயே உங்கள் சடலத்தோடு கிடக்கும். நீங்களே திரும்பிப் போய் எடுக்க வேண்டும். குறித்த காலத்துக்குள் எடுக்காவிட்டால் சடலம் அழுகி மறையும், அதோடு எல்லாம் போயிற்று. உங்களைக் கொன்ற அதே அரக்கர்கள் அங்கேயே உலவிக்கொண்டிருக்கும்போது, வெறுங்கையோடு எப்படிப் போவது? போனால் இன்னொரு சடலம் விழும். சில இரவுகளில் ஒரு முழுக் கூட்டமே ஆழமான குகைக்குள் அழிந்து கிடக்கும். இருபது முப்பது பேர், ஒருவர் கையிலும் ஒன்றும் இல்லை.

அப்போது யாரைக் கூப்பிடுவார்கள்? கள்வனை!

மறைந்து நிற்பதும் ஓசையின்றி நடப்பதும் சேர்ந்தால், எவர்க்வெஸ்ட்டின் கள்வன் பெரும்பாலான அரக்கர்களின் கண்ணுக்குத் தெரியமாட்டான். மந்திரத்தால் உருவம் மறைப்பவர்களும் உண்டு. ஆனால் அந்த மந்திரம் எந்த நொடியில் கலையும் என்று சொல்ல முடியாது. குகை நடுவில் கலைந்தால் தீர்ந்தது. கள்வனின் திறமை அப்படித் தானாகக் கலையாது. இறந்தவர் ஓர் ஆணை தட்டிச் சம்மதம் தர வேண்டும்: என் சடலத்தை இவர் இழுக்கலாம். சம்மதம் கிடைத்ததும் கள்வன் குகைக்குள் இறங்குவான். அரக்கர்களுக்கு நடுவே நடப்பான். ஒரு சடலத்தருகே போய் இழுக்கும் ஆணையைத் தட்டுவான். சடலம் அவன் காலடிக்கு வரும். சில அடி நடப்பான். மறுபடி தட்டுவான். மறுபடி சில அடி. வாசல்வரை இப்படியே. வெளியே போட்டுவிட்டு மறுபடி உள்ளே போவான், அடுத்தவருடையதை இழுக்க.

எண்ணிப் பாருங்கள். நள்ளிரவு. முப்பது பேர் குகை வாசலில் நிராயுதபாணிகளாகக் காத்து நிற்கிறார்கள். வீரன் இருக்கிறான், பயனில்லை. மந்திரவாதி இருக்கிறான், பயனில்லை. எல்லார் உடைமைகளும் உள்ளே. உள்ளே போய்வரக்கூடியவன் ஒரே ஒருவன், அவன் வேடத்தால் கள்வன். கள்வன் கையிலிருந்து தங்கள் பொருளைத் திரும்பப் பெறுகிறார்கள்! இந்த வேலைக்காகவே தெரிந்த கள்வர்களின் பெயர்களை ஆட்டக்காரர்கள் நினைவில் வைத்திருந்தார்கள். வேறொரு கில்டைச் (ஆட்டக் குழுவைச்) சேர்ந்தவர்கள்கூடத் தூங்கப் போயிருந்தவரை எழுப்பிக் கூட்டி வந்த கதைகளைப் பழைய ஆட்டக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். திருட்டு ஆசையால்தான் இந்த வேடத்தைக் கட்டுகிறார்கள் என்று நினைப்பவர்களுக்கு நான் எவர்க்வெஸ்ட்டைத்தான் காட்டுவேன். மறையும் திறமை ஒன்றுதான். அதை வைத்து என்ன செய்வது என்பது கட்டியவர் மனதைப் பொறுத்தது.

அதற்காக, எல்லாம் புனிதம் என்று நான் சொல்லவரவில்லை. நிஜமாகவே ஆட்டக்காரர் பொருளை ஆட்டக்காரர் திருடிய விளையாட்டு உண்டு. அதையும் சொன்னால்தான் இந்தப் பேச்சு நேர்மையானது.

1997-இல் வந்த ‘அல்டிமா ஆன்லைன்’. அங்கே அந்நாளில் பிரிட்டன் என்ற நகரத்து வங்கி வாசலில் எப்போதும் கூட்டம். அந்தக் கூட்டத்தில் கள்வர்களும் நிற்பார்கள். பக்கத்தில் நிற்பவரின் பைக்குள் எட்டிப்பார்க்க ஒரு திறமை, உருவ ஒரு திறமை. உருவும்போது பார்த்துவிட்டால், பறிகொடுத்தவர் ‘காவலர்!’ என்று விசைப்பலகையில் தட்ட வேண்டும். தட்டிய மறுநொடி காவலர் தோன்றிக் கள்வனை ஒரே வெட்டில் சாய்ப்பார். தட்டத் தாமதமானால் கள்வன் தப்பினான். ஒரு சொல்லைத் தட்டும் நேரம்தான் இருவருக்கும் நடுவில்! அந்த விறுவிறுப்புக்கு ஈடாக இன்றுவரை ஒன்றை நான் பார்த்ததில்லை.

ஆனால் பறிபோனது யாருடைய பொருள்? வேலை முடிந்து வந்து, இருக்கிற ஒரு மணி நேரத்தில் சுரங்கம் வெட்டி, இரும்பு உருக்கி ஒருவர் சேர்த்த பொருள். அவர் கோபம் விளையாட்டுக் கோபம் இல்லை, உண்மைக் கோபம். பலர் ஆட்டத்தை விட்டே போனார்கள். 2000-இல் அந்த விளையாட்டை நடத்திய நிறுவனம் அதன் உலகத்தையே இரண்டாகப் பிரித்தது. பழைய விதிகள் நிலவும் பெலுக்கா ஒரு பக்கம், யாரும் யாரையும் தாக்கவோ திருடவோ முடியாத டிராமல் ஒரு பக்கம். மக்களில் பெரும்பகுதி எந்தப் பக்கம் போயிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பாதுகாப்பு தேடிப் போனார்கள், அதில் தவறு காண எனக்கு மனம் வரவில்லை. ஒரு பெரிய நாடகம் அன்று முடிந்தது என்ற வருத்தமும் எனக்கு உண்டு. இரண்டும் உண்மை.

பின்னால் வந்தவர்கள் இதிலிருந்து கற்றுக்கொண்டார்கள். ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்’ 2015-இல் திருட்டுக்கு ஒரு முறையே வகுத்தது. பைக்குள் கைவிடலாம், வீடு புகலாம், திருட்டுப் பொருளை வாங்கும் வியாபாரியிடம் விற்கலாம், மாட்டினால் தலைக்கு விலை வைப்பார்கள், காவலர் துரத்துவார்கள். எல்லாம் கணினி நடத்தும் பாத்திரங்களிடம் மட்டும். மனிதர் எவர் பொருளிலும் கை வைக்க முடியாது. பதட்டமும் இருக்கிறது, பக்கத்தில் ஆடுகிறவர் கண்ணில் நீரும் இல்லை.

மறுபக்கத்தில் ‘ஈவ் ஆன்லைன்’ இருக்கிறது. ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003-இல் வெளியிட்ட விண்வெளி விளையாட்டு. அங்கே ‘கைடிங் ஹேண்ட் சோஷியல் கிளப்’ என்ற கூலிக் குழு, ஆட்டக்காரர்களே விளையாட்டுக்குள் நடத்திய இன்னொரு நிறுவனத்துக்குள் தன் ஆட்களை மாதக்கணக்கில் நுழைத்தது. அவர்கள் உழைத்தார்கள், நண்பர்கள் ஆனார்கள், பொறுப்புகள் பெற்றார்கள், சாவிகள் பெற்றார்கள். 2005-இல் ஒருநாள் ஒரே நேரத்தில் எல்லாக் கிடங்குகளையும் காலி செய்து, அந்த நிறுவனத்தின் தலைவி பயணித்த அரிய கப்பலையும் தகர்த்தார்கள். சிசிபி அதில் தலையிடவில்லை, விதிப்படி அது செல்லும் என்றது. திட்டமிட்ட நுணுக்கத்தைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் அதை நான் கள்வன் வேடத்தில் சேர்க்கமாட்டேன். ஏன் தெரியுமா? வங்கி வாசலில் நிற்கும் கள்வனை எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். பதுங்கி வருபவன் இருக்கிறான் என்று தெரிந்துதான் மூலிகை பறிப்பவர் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். அங்கே மறைந்திருப்பது உருவம் மட்டும்தான், எண்ணம் எல்லோருக்கும் தெரிந்தது. ஈவ் கொள்ளையில் உருவம் வெளிச்சத்தில் இருந்தது, எண்ணம் இருட்டில் இருந்தது. மாதக்கணக்கில் இரவு இரவாகப் பேசிப் பழகிய குரல்கள். வேடத்தைத் தாண்டி, மனிதர் மனிதரை நம்பிய நம்பிக்கை அங்கே பொருளாகக் கொள்ளை போயிற்று. விதி அனுமதித்தது. அதை என் மனம் அனுமதிக்கவில்லை. இளைஞர்களில் சிலர் இதில் என்னோடு உடன்படமாட்டீர்கள் என்று முகங்களைப் பார்த்தாலே தெரிகிறது. வாதாடுவோம், அதற்குத்தான் பேச்சுக்குப் பின் நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு சொல். உங்கள் மகளோ மகனோ கள்வன் வேடம் கட்டுகிறார் என்றால் அதை மட்டும் வைத்துக் கவலைப்படாதீர்கள். பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். ‘இன்றைக்கு யாருக்குப் பூட்டுத் திறந்து கொடுத்தாய்?’ என்று கேளுங்கள். ‘ஏன் அங்கேயே நிற்கிறாய், ஏன் போகவில்லை?’ என்று கேளுங்கள். காவலன் திரும்பட்டும் என்று பதில் வரும். எத்தனை நேரமாக நிற்கிறார் என்று கவனியுங்கள். வீட்டுப்பாடத்தில் ஐந்து நிமிடம் உட்காராத பிள்ளை அங்கே அசையாமல் காத்திருப்பதை நீங்கள் பார்ப்பீர்கள். விடிய விடிய ஆடினால் கண்டியுங்கள், அது எந்த வேடத்துக்கும் பொருந்தும்.

இதுவரை இந்த வேடத்தைத் தொட்டுப் பார்க்காத இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இன்றிரவு ஏதாவது ஒரு விளையாட்டில் புதிதாக ஒரு ரோக்கைத் தொடங்குங்கள். முதல் நாள் சண்டையே வேண்டாம். எதிரிகள் கூடாரமிட்டிருக்கும் இடம் ஒன்றைத் தேடிப்போய், அதன் விளிம்பில் பதுங்கி நில்லுங்கள். ஒரே ஒரு காவலனைப் பாருங்கள். அவன் எங்கிருந்து எங்கே நடக்கிறான், எந்த இடத்தில் முதுகைக் காட்டுகிறான் என்று தெரியும்வரை எந்தப் பொத்தானையும் அழுத்தாதீர்கள். பிறகு உள்ளே போய், நடுவில் இருக்கும் பெட்டியைத் திறந்து எடுத்துக்கொண்டு, ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்காமல் வெளியே வாருங்கள். மாட்டிக்கொண்டால் மறுபடி போங்கள். வெளியே வந்தபின் இதே கூடாரத்தைப் போர்வீரனாக வெட்டிக் கடந்த நாள் உங்களுக்கு எப்படி இருந்தது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த வித்தியாசத்தை அடுத்த முறை சந்திக்கும்போது நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டும்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருவோம். ஈவ் ஆன்லைன் ஆடுகிறவர்கள் முதலில் கேட்கட்டும்.